கரி பஸ்ஸில் முருகேசன்

இன்று ஆலங்குடியிலிருந்து புதுக்கோட்டைக்கு வரும்போது நடந்ததை, படபடப்பு அடங்குவதற்குள் நம் கையெழுத்துப் பத்திரிகையில் எழுதிவிடுகிறேன்.

பெட்ரோல் தட்டுப்பாட்டால் கரியில் ஓடும் பஸ், பின்னாலிருக்கும் அடுப்பில் கரி தள்ளுவதற்காக வழியில் நின்றது. எனக்கு எதிரே ஒரு போலீஸ்காரர். அவர் பக்கத்தில் இடுப்பில் கயிற்றோடு முருகேசன். பன்னிரண்டு வயது.

"கடலைக் காட்டுல திருடிட்டான் சார்" என்றார் போலீஸ்காரர்.

கடலை பறித்த காட்டில் விடுபட்டதைப் பிள்ளைகள் பொறுக்குவது எங்கள் பக்கத்து வழக்கம். யுத்தத்தில் விலை ஏறியதும், காட்டுக்காரர்கள் இந்த வருஷம் அதற்குப் பெயர் திருட்டு என்றுவிட்டார்கள்.

என் பக்கத்திலிருந்த யாரோ ஓர் அம்மாள் அவனை அதட்டினார்: "இங்கிட்டும் அங்கிட்டும் திரிஞ்சா இப்படித்தான்டா. பள்ளிக்கூடம் போனா என்ன ஒனக்கு?"

அவன் என்னைப் பார்த்தான்.

"போனேன் ஆத்தா. பேரை அடிச்சுட்டாங்க."

யார் அடித்தது என்று சொல்லவில்லை. அடித்தது நான்தான், அவனுடைய வாத்தியார். கடலை பறிக்கப் போய்ப் பத்து நாள் வரவில்லை என்று பதிவேட்டில் சிவப்புக் கோடு போட்டேன். திங்கட்கிழமை வாசலில் வந்து நின்றவனை, "அடுத்த வருஷம் வா" என்று திருப்பியும் அனுப்பினேன்.

போலீஸ்காரரிடம் இதைச் சொல்லியிருக்கலாம்.

இறங்கும்போது அவன், "வாரேன் சார்" என்று கும்பிட்டான்.

அதே நாளில் இன்னும் மூன்று பெயர்களை அடித்திருக்கிறேன். அந்த மூவரும் இப்போது எந்தக் காட்டில் இருக்கிறார்களோ!

பதிவேட்டில் சிவப்பு மையை அழிக்க வழி தெரிந்தவர்கள், இதழ் உங்கள் கைக்கு வரும்போது இந்தப் பக்கத்தின் ஓரத்தில் எழுதுங்கள். பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் கண்ணில் படாத வழியாக இருந்தால் நல்லது.