டீச்சர் தலையும் மூணாவது ஓலையும்

அடுத்தவங்க தலையில கை வச்சுத்தான் நான் பிழைக்கேன். மருதாணியும் அவுரி இலைப் பொடியும் குழைச்சு வீடு வீடாப் போய் நரைக்குப் பூசுறது என் தொழில். என்னை மாதிரியே நகக்கண்ணெல்லாம் கறை பிடிச்சுக் கிடக்கிற சகோதரிகளே, கடைச் சாயம் பூசுறவங்க பாடு அரை மணியில முடிஞ்சிரும். நம்ம பாடு நாள் கணக்குல ஓடும்.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஜெயசீலி டீச்சருக்கு நாப்பத்தாறு வயசு. தங்கச்சிகளையெல்லாம் கரையேத்திட்டு இப்பத்தான் தனக்குக் கல்யாணம். மாப்பிள்ளை தளவாய்புரத்துல நைட்டி தைக்கிற கம்பெனியில சூப்பர்வைசர், மனைவியை இழந்தவர். கடைச் சாயம் பட்டா டீச்சருக்குக் கண்ணு வீங்கிரும். அதனால ராஜபாளையத்துல இருந்து என்னைக் கூப்பிட்டாவ. வியாழக்கிழமை கல்யாணம். அதுக்குள்ள தலை கறுக்கணும், அம்புட்டுதான்.

எண்ணெய்

முந்தின வெள்ளிக்கிழமை வாரேன், தலைக்கு ஊத்தி எண்ணெய் வைக்காம இருங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொல்லியிருந்தேன். போய்ப் பார்த்தா தேங்காயெண்ணெய் காதோரம் வழியுது. டீச்சரோட அண்ணன் பொஞ்சாதி ஒரு கை எண்ணெயை உச்சியில வச்சுத் தேச்சு விட்டிருக்காவ. நானும் கூறுகெட்டதனமா, சரி லேசாத்தானே இருக்குன்னு மருதாணியைப் போட்டேன். அலசினா, பிடரி மட்டும் செவந்திருக்கு. உச்சி வெள்ளை வெளேர்னு அப்படியே இருக்கு.

ஏன் மதினி இப்படிப் பண்ணினீகன்னு கேட்டேன். அவிய அசரல.

"கல்யாணப் பொண்ணு வறட்டுத் தலையோட வாசல்ல நின்னா, யாரு செத்தான்னுல்லா தெருவுல கேப்பாவ."

மூணாவது ஓலை

சனிக்கிழமை சீயக்காய் போட்டு எண்ணெயை எடுத்து, மறுபடியும் மருதாணி பூசினேன். நல்லாப் பிடிச்சுச்சு. தலை முழுக்க ஆரஞ்சு. அதுக்கு மேல அவுரி பூசினாத்தான் கறுக்கும். நாளைக்கே பூசிரலாம்னேன். ஞாயித்துக்கிழமை ஓய்வுநாள், வேலை கூடாதுன்னுட்டாவ டீச்சர்.

அதுமட்டுமா? அன்னைக்குத்தான் சர்ச்சுல மூணாவது ஓலை. கல்யாணத்துக்கு முன்னால மூணு ஞாயிறு ரெண்டு பேரு பேரையும் சபையில வாசிச்சு, ஆட்சேபணை உண்டான்னு கேப்பாவ. மனசு கேக்காம நானும் போய்ப் பின் பெஞ்சுல உக்காந்தேன். டீச்சர் முக்காடு போட்டுத்தான் இருந்தாவ. பாழாப்போன ஃபேன் சரியா பேரை வாசிக்கிற நேரத்துல முக்காட்டைத் தள்ளிருச்சு. எனக்கு முன்னால இருந்த பெரியம்மா பக்கத்துல இருந்தவ காதைக் கடிச்சா.

"முதல் ஓலைக்கு வெள்ளை, மூணாவது ஓலைக்குச் செவலை. கல்யாணத்தன்னைக்கு என்ன நெறத்துல வருவாளோ."

பச்சை

திங்கக்கிழமை காலையில போனா, மதினி சிரிச்ச முகமா ஒரு சட்டியை நீட்டினாவ. எனக்கு வேலை மிச்சமாகட்டும்னு, மருதாணியை ஊற வைக்கிற மாதிரி, நான் வச்சுட்டுப் போன அவுரியையும் விடியறதுக்கு முன்னாலேயே குழைச்சு மூடி வச்சிருக்காவ. அவுரி குழைச்ச கால் மணிக்குள்ள தலையேறணும். இல்லைன்னா சத்துப் போயிரும். நல்ல மனசுக்காரியை என்னன்னு திட்டுறது? பையில இன்னொரு பொட்டலம் இருந்துச்சு, பிழைச்சேன்.

பூசி அலசினதும் தலை பச்சை. எங்களுக்கு இது தெரிஞ்சதுதான். காத்துப் பட்டு ரெண்டு நாள்ல கறுத்திரும். ஆனா இந்தத் தலையில எண்ணெய் எங்க ஒட்டியிருக்கோ, எனக்கே நிச்சயமில்ல. வியாழன் வரைக்கும் சீயக்காய், ஷாம்பு எதுவும் தொடாதீகன்னு சொன்னேன். டீச்சர் கண்ணாடியை விட்டு நகரல. பொறவு அழுதுக்கிட்டே சிரிச்சாவ.

"இந்த வயசுல கல்யாணமான்னு ஏற்கெனவே ஊரு சிரிச்சாச்சு செல்வி. மிச்சம் இருக்கிறதையும் சிரிச்சு முடிக்கட்டும்."

அன்னைக்கு பஸ்ல வரும்போது எனக்கும் அழுகை வந்துச்சு. செவ்வாய், புதன் ரெண்டு நாளும் போன் அடிச்சாலே திக்குன்னு இருந்துச்சு.

போட்டோ

வியாழக்கிழமை சர்ச் வாசல்ல கார்ல இருந்து இறங்கினாவ பாருங்க, தலை கருகருன்னு மின்னுது. பத்து வயசு குறைஞ்சு போச்சு. செவலைன்னு சொன்ன பெரியம்மாவே கிட்ட வந்து பின்னலைத் தொட்டுப் பார்த்துட்டு, என் போன் நம்பரை வாங்கிக்கிட்டா.

தாலி கட்டி முடிஞ்சு மண்டபத்துல போட்டோ. மாப்பிள்ளை வேட்டி சட்டையில எளிமையா வந்திருந்தார். தலை பஞ்சுப் பொதி. மாலையைக் கழட்டி நாற்காலியில வச்சுட்டுப் பொண்ணு பக்கத்துல நின்னார். அப்பத்தான் வந்த போட்டோக்காரத் தம்பி கேமராவுக்குள்ள பார்த்துட்டு, "ஐயா, நீங்க செத்த நேரம் தள்ளி நில்லுங்க, மாப்பிள்ளை வரட்டும்"னுட்டான்.

டீச்சர்தான் முதல்ல குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சாவ, அந்த மனுசன் கையை விடாமலே. அவரும் சிரிச்சுட்டு, கூட்டத்துல என்னைத் தேடிப் பிடிச்சுக் கேட்டார்.

"தங்கச்சி, கேக் வெட்டுறதுக்குள்ள என் தலைக்கும் எதாவது செய்ய முடியுமா?"

ஒரு தலையைக் கறுப்பாக்கினா பக்கத்துத் தலைக்கு வயசாகிருங்கிறதை இந்தத் தொழில்ல யாரும் முன்கூட்டியே சொல்லித் தாரதில்ல.