ஒடிய வேண்டிய இடம்

காசிமேட்டில் வலை பின்னும் ஆறுமுகம் மடக்குக் கத்தியை என் பெஞ்சின்மேல் விட்டெறிந்தபோது, நான் காலை டீயை வாயில்கூட வைக்கவில்லை.

"இன்னா மேஸ்திரி, கத்தியா இது? அப்பளம் கணக்கா ஒட்ஞ்சிகீது!"

முனை போயிருந்தது.

"எதை நெம்புனே?"

"ஐஸ் ரூம் மூடி தொறக்கல. லேசா நெம்புனேன்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. நைலான் கயிறு அறுக்க மெல்லிய பிளேடுதான் வேண்டும் என்று இந்தப் படகுக்காரர்களேதான் கேட்டு வாங்குவார்கள். படகேறியதும் அதுவே கடப்பாரை. நிஜக் கடப்பாரை காலடியில் கிடக்கும்; குனிந்து எடுக்க ஒருவருக்கும் உடம்பு வணங்காது.

திருவொற்றியூரில் எங்களுடையது சின்னக் கத்திப் பட்டறை. படகுக்காரர்கள்தான் வாடிக்கை. முதலாளி உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்: "தகராறு வேணாம் மேஸ்திரி. டபுள் தடிமன்ல ஒண்ணு போட்டுக் குடுங்க."

போட்டேன். ஆறுமுகம் வந்து கையில் வாங்கிப் பார்த்தான். "ஆங், இது கத்தி!" என்றான்.

"வை கீழே. டெஸ்ட் பண்ணாம எதுவும் வெளிய போகாது."

எங்கள் டெஸ்டுக்கு மெஷின் கிடையாது, முருங்கைக்காய்தான். கத்தியை விரித்து, பிடியை வைஸ் இடுக்கியில் கவ்வவிட்டு, விரல் மடங்கும் இடத்தில் விரலுக்குப் பதிலாக முருங்கைக்காயைக் கட்டினேன். பிளேடின் முதுகில் ஒரு பைப்பை வைத்து அமுக்கினேன். நெம்பும்போது மூடியின் பாரம் விழுவதும் அந்த முதுகில்தான்.

பிளேடு அசையவில்லை. இன்னும் அமுக்கினேன். விரித்த பிளேடை மடங்காமல் பிடிக்கிற லாக் விட்டுக்கொடுத்தது. பிளேடு படக்கென்று மடங்க, முருங்கைக்காய் ரெண்டு துண்டாகக் கீழே விழுந்தது.

ஆறுமுகம் தன் ஆள்காட்டி விரலைப் பார்த்துக்கொண்டே நின்றான். வலை ஊசி பிடிக்கிற விரல்.

"அய்யய்யோ நைனா... இது போச்சுன்னா வூட்ல அடுப்பு எரியாது."

முதலாளி வெளியே வந்து ஒரு துண்டைக் கையில் எடுத்தார். "லாக்கையும் தடியாப் போட்டா?" என்றார்.

"போடலாம். பிடி செங்கல் கணக்கா ஆயிடும், இடுப்புல சொருக முடியாது. இந்தத் தடி பிளேடு கயிறையும் ஒழுங்கா அறுக்காது."

"பழைய கத்தியே குடு மேஸ்திரி," என்றான் ஆறுமுகம். "ஒடியறதே குடு."

அன்றைக்குப் பட்டறையில் முடிவு செய்தோம்: பாரம் மிஞ்சினால் முதலில் முனை போக வேண்டும், லாக் போகக் கூடாது. அந்த அளவுக்கே பிளேடு தேய்த்தோம்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். ஒடியாத கத்தி வேண்டும் என்று யாராவது கேட்டால், பிளேடு ஒடியாவிட்டால் வேறு எது போகும் என்று முதலில் பாருங்கள்.

மழைக்காலம் முடிந்து ஆறுமுகம் மறுபடி வந்தான். கத்தியில் முனை இல்லை.

"டேய், திரும்பவும் நெம்புனியா? உனக்கெல்லாம் புத்தியே வராதா?"

அவன் ஐந்து விரலையும் என் மூக்குக்கு நேராக விரித்துக் காட்டினான்.

"கோச்சிக்காத மேஸ்திரி. எண்ணிப் பாரு, எல்லாம் கீது."