கோழி ஷெட்டை மலையாக்கிய மேப்

சமையலறைக்குள் போன கோடு

கையில் ஜிபிஎஸ் கருவியை வைத்துக்கொண்டு, கம்ப்யூட்டர் போட்டுக் கொடுத்த கோட்டின் மேலேயே நடந்து போனேன். புதுச்சத்திரம் பக்கத்து ஏரி ஒன்றுக்கு ஓடையிலிருந்து புது வாய்க்கால் வெட்டப் போகிறார்கள். அது போகும் பாதையை மேப்பில் வரைந்து கொடுப்பது எங்கள் கம்பெனி வேலை. மரவள்ளிக் காடு தாண்டினேன், சோளக்காடு தாண்டினேன். அப்புறம் கோடு நேராக ஒரு புது வீட்டுக்குள் நுழைந்து, சமையலறை வழியாக வெளியே போனது.

வாசலில் நின்ற பெண்ணின் பெயர் சரசு. கருவியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னதும் கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்துவிட்டார்.

"ஏனுங்க மேடம், என்ற ஊட்டுக்காரரு போர் போடற ரிக் வண்டியோட ராஜஸ்தான்ல போயிக் கெடக்கறாரு. அவரு ஒழச்சுக் கட்டின ஊடுங்க இது. பால் காச்சினப்பக்கூட அவரால வர முடியல. ஒரு நாள் இங்க படுத்துத் தூங்கலீங்க அந்த மனுசன். அதுக்குள்ள இடிக்கோணுங்கறீங்களே, நல்லா இருக்குதுங்களா?"

"இடிக்கறேன்னு நான் சொல்லலீங்க, பார்க்கறேன்" என்று மென்று முழுங்கினேன்.

"என்னத்தப் பார்ப்பீங்க? அக்கட்ட அவ்வளவு காலி எடம் கெடக்குது. எதுக்கு இந்தக் கோடு இப்படிச் சுத்திக்கிட்டு வருது?"

நியாயமான கேள்வி. மொபைலில் மேப்பைத் திறந்தேன். மேற்கே நீளமாக ஒரு மேடு இருந்ததால் கோடு அதைச் சுற்றி வந்திருந்தது. நிமிர்ந்து மேற்கே பார்த்தேன். மேடும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. ஒரு கோழிப்பண்ணைதான் இருந்தது.

இப்படியும் ஒரு மலையா?

சேலத்தில் ஆபீசுக்குள் நுழைந்ததும் எலிவேஷன் புரொஃபைல் போட்டேன். மேப்பில் குறுக்கே ஒரு கோடு இழுத்தால், நிலத்தின் ஏற்ற இறக்கத்தைப் பக்கவாட்டில் வெட்டிக் காட்டும். அந்த மேடு கத்தி வைத்து வெட்டிய மைசூர்பாகு மாதிரி இருந்தது. இரண்டு பக்கமும் செங்குத்து. எந்த ஊரில் மலை இப்படி இருக்கும்?

நடந்தது இதுதான். டிரோன் மேலிருந்து உயரம் எடுக்கிறது. அதற்குக் கூரையும் தரையும் ஒன்றுதான். வீடு, மரம் எல்லாவற்றையும் நீக்கித் தரையை மட்டும் வைக்க ஒரு ஃபில்டர் உண்டு. சின்னதாக நிற்பதை அது துடைத்துவிடும். நீளமாக, அகலமாகக் கிடப்பதைத் தரை என்று நம்பிவிடும். வெளியூரில் உட்கார்ந்து ஃபில்டரை ஓட்டியவர்களுக்கு நாமக்கல் கோழி ஷெட்டின் நீளம் எங்கே தெரியும்? சரசு வீட்டைத் துடைத்துவிட்டு, கோழி வீட்டை மலையாக்கி அனுப்பியிருந்தார்கள். எனக்கு வந்த கோபத்தில் மவுஸை டொக்கென்று வைத்தேன்.

மேனேஜர் குணசேகரன் எட்டிப் பார்த்தார். "என்ன ரோஸ்லின், மேப் ரெடியா?"

"சார், இது மலை இல்ல. கோழி ஷெட்டு."

"ஐயோ, அப்ரூவ் ஆன டேட்டாம்மா அது. இப்பப் போய் மாத்தினா எல்லாத்தையும் முதல்ல இருந்து செய்யணும். வீட்டுக்கு நஷ்டஈடு குடுப்பாங்க, விடுங்க."

"அப்ப நீங்களே வந்து அந்தம்மா அடுப்பு முன்னாடி நின்னு சொல்லுங்க சார். என்னால முடியாது."

தலையில் அடித்துக்கொண்டார். இரண்டடி போய்த் திரும்பி, "சரி, சீக்கிரம் செஞ்சு காட்டுங்க" என்றார். அவர் எப்போதும் அப்படித்தான், திட்டிவிட்டுத்தான் சம்மதிப்பார்.

ஒவ்வொரு ஷெட்டையும் சுற்றி பாலிகன் என்கிற மூடிய எல்லைக்கோடு வரைந்தேன். உள்ளே இருந்த உயரத்தை அழித்து, சுற்றியுள்ள தரையின் உயரத்தைக் கொண்டு நிரப்பினேன். பக்கத்து சீட் பிரபு பாதி வேலையை வாங்கிக்கொண்டான். ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கான்டூர் கோடுகள் மறுபடி வந்தபோது மலையைக் காணோம். தண்ணீர் ஓடும் பாதையைப் போட்டுப் பார்த்தால், இரண்டு ஷெட்டுகளுக்கு நடுவே புகுந்து நேராக ஏரிக்குப் போனது. நான் கைதட்டியே விட்டேன்.

கோழி மிரளக் கூடாது

அந்தச் சந்தோஷம் பண்ணை வாசல் வரைக்கும்தான். நடுவில் இருந்த சந்து புறம்போக்கு. அதைப் பண்ணைக்காரர் கந்தசாமியும் மறுக்கவில்லை. அவருடைய பயம் வேறு.

"எடத்துக்கு ஒண்ணுமில்ல சாமி. பொக்லைன் சத்தத்துக்குக் கோழி மெரண்டுச்சுன்னா முட்டை கொறஞ்சு போயிருமுங்க. என்ற பொழப்புல மண்ணப் போட்றாதீங்க."

அதுவும் நியாயம்தான். வாதாடிப் பயனில்லை என்று தெரிந்தது. "ஷெட்டுல கோழியே இல்லாத நாளுன்னு ஒண்ணு வராதுங்களாண்ணா?" என்று கேட்டேன்.

தாடையைச் சொறிந்தார். "வயசான கோழிய லாரில ஏத்திட்டா, கழுவி மருந்தடிச்சுக் காயப் போடுவமுங்க. புதுக் கோழி வார வரைக்கும் காலிதான்."

"ரெண்டு ஷெட்டையும் சேர்த்தாப்பல காலி பண்ண முடியுங்களா?"

"பண்ணலாமுங்க. ஆனா புதுக் கோழி வரதுக்குள்ள முடிச்சுப் போடோணும். சொல்லிப்போட்டேன்."

முடித்தார்கள். அடுத்து பெய்த மழைக்கே வாய்க்காலில் தண்ணீர் வந்தது.

மழை ஓய்ந்ததும் வேலை சரியாக இருக்கிறதா என்று மறுபடி டிரோன் பறக்கவிட்டோம். ‘வறண்ட ஏரி’ என்று நான் எழுதி வைத்திருந்த பாலிகனை ‘நீர்’ என்று மாற்றினேன். செய்த வேலையைத் திருப்பிச் செய்வது எனக்குப் பிடிக்காது. அன்றைக்குப் பிடித்தது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஃபில்டர் எதை விட்டு வைத்தது என்று மட்டும் பார்க்காதீர்கள். எதைத் துடைத்தது என்றும் பாருங்கள். அங்கே யாராவது குடியிருப்பார்கள்.

அந்தப் புது டேட்டாவை ஃபில்டரில் போடுவதற்கு முன்னால் பிரபு கூப்பிட்டான். "அக்கா, சரசு வீட்டு மொட்டை மாடியில சின்னதா ஒரு மேடு தெரியுது. அழிச்சிரட்டுமா?"

டிரோன் படத்தைப் பெரிதாக்கினேன். காலை வெயில் இன்னும் ஏறவில்லை. மாடியில் ஒரு கயிற்றுக் கட்டில். அதில் ஒரு ஆள் முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு, கைகால்களைப் பரப்பி மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"யாருக்கா அது?"

"அந்த வீட்டுக்காரர்டா. ராஜஸ்தான்ல இருந்து வந்துட்டாரு. மேல கைய வெச்சே, கொன்னுடுவேன்."