போட்டதைவிடக் கூடுதலாக வந்த உப்பு

நேற்று தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷினைக் கழுவ வந்தவர், உள்ளேயிருந்து வெள்ளையாகச் சுரண்டிக் காட்டி, "எவ்வளவு உப்பு பாத்தீங்களா மேடம்" என்று பயமுறுத்தினார். மதுரைத் தண்ணீருக்கே இப்படிப் பதறுகிறாரே, எங்கள் பரளச்சிப் பக்கம் கூட்டிப்போனால் மனுஷன் என்ன ஆவார் என்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அந்த வெள்ளையைப் பார்த்ததும் சாம்பார் வாசம்தான் நினைவுக்கு வந்தது. காரணம் இருக்கிறது. எங்கள் பள்ளியின் ஆய்வகம் என்பது ஒரு பூட்டிய பீரோ. ஸ்பிரிட் விளக்கு உண்டு, ஸ்பிரிட் கிடையாது. அது எங்கே போகிறது என்று யாரும் கேட்பதும் கிடையாது. அதனால் மணலையும் உப்பையும் பிரிக்கும் சோதனை சத்துணவு அடுப்பில் நடக்கும். கலவையைத் தண்ணீரில் கரைத்து, வேட்டித் துணியில் மணலை வடிகட்டி, உப்புத் தண்ணீரைச் சாப்பாட்டுத் தட்டில் ஊற்றிச் சுண்டவைப்போம். என்ன கழுவினாலும் எங்கள் உப்பில் பருப்பு மணக்கும்.

வாசம் போகட்டும், எடைதான் பிரச்சினை. பத்து கிராம் உப்புப் போட்டால் அதைவிடக் கூடுதலாகவே வரும். பள்ளிக்கூட போர் தண்ணீரை ஆடுகூட முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போகும். அதில் கரைத்தால் வேறென்ன வரும்? சயின்ஸ் சார் இதற்கு ஒரு விஞ்ஞானத் தீர்வு வைத்திருந்தார்.

"கொறச்சே எழுதுங்க. கொறஞ்சா கவனக்கொறவும்பாக. கூடுனா களவும்பாக."

பத்தாம் வகுப்பு செய்முறைத் தேர்வு வந்தது. பெயிலானால் நூல் மில்லுக்கு வேலைக்கு ஆள் ஏற்றிப்போகும் வேனில் ஏற வேண்டியதுதான் என்று எங்கள் அய்யா சொல்லியிருந்தார். வேன்காரரிடம் பேசியும் வைத்துவிட்டார். தினமும் காலையில் அந்த வேன் எங்கள் தெருவில் ஆரன் அடிக்கும். அப்படியிருந்தும் நான் வந்த எடையை அப்படியே எழுதினேன். சத்தியத்தின் மேல் பற்றெல்லாம் இல்லை. எவ்வளவு குறைப்பது என்று சார் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான்.

தேர்வு நடத்த வெளியூரிலிருந்து வந்திருந்தவர் என் தாளைப் பார்த்துவிட்டு, வீட்டில் உப்பளம் வைத்திருக்கிறாயா என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு வேன் ஆரன் காதிலேயே கேட்டது. அழுகையோடுதான் சொன்னேன்.

"தண்ணியிலயே இருக்கு சார். குடிச்சுப் பாருங்க."

வாளியிலிருந்து ஒரு டம்ளர் மொண்டு வாயில் ஊற்றியவர் ஜன்னலுக்கு ஓடித் துப்பினார். பிள்ளைகள் இதையா குடிக்கிறார்கள் என்று கேட்டார். எங்கள் சார் பதறாமல் சொன்னார்:

"வாத்தியாருக எங்களுக்குப் பஸ்ஸுல நல்ல தண்ணி வந்துரும் சார்."

பிரித்தெடுத்தல் பாடத்தை இதைவிடத் தெளிவாக யாரும் எனக்கு நடத்தியதில்லை. இன்று நினைத்தாலும் ஆத்திரமாக வருகிறது.

நான் பாஸானேன். வேன் என்னை விட்டுவிட்டுப் போனது. ஒரு டம்ளர் உப்புத் தண்ணீர் என்னைக் காப்பாற்றியது. பள்ளிக்கூடமும் பாடம் கற்றுக்கொண்டது. மறு வருஷத்திலிருந்து மணலையும் இரும்புத்தூளையும் கலந்து, கையில் காந்தத்தைக் கொடுத்துவிட்டார்கள். அதற்குத் தண்ணீரே வேண்டாம் பாருங்கள்.

மெஷின்காரர் போனதும் ஊரிலிருக்கும் தம்பியைக் கூப்பிட்டு, அந்த போர் தண்ணீர் இப்போதும் அப்படியே உப்புக் கரிக்கிறதா என்று கேட்டேன்.

"அது வத்தி நாளாச்சுக்கா. அடிச்சா காத்துத்தான் வருது" என்றான்.