வடக்குக் கதவு

ஆல்டன்கோட் மாளிகைத் தோட்டத்துக்கு இரண்டு வாசல். தெற்கே பெரிய இரும்புக் கதவு, எல்லோரும் புழங்குவது. வடக்கு மதிலில் ஒரு சின்ன மரக்கதவு. மாளிகையில் யார் செத்தாலும், எசமானோ சமையல்காரியோ, பெட்டி அது வழியாகத்தான் கல்லறைக்குப் போகும். மற்ற நாளில் பூட்டு. உயிரோடு அதில் நுழைந்தவன் அந்த வருஷம் தாண்டமாட்டான் என்று ஊரே நம்பியது.

ஹெஸ்டர் பிளாக்மோர் கல்யாணமாகி வந்த நாள்முதல் அந்த மதிலோடுதான் மல்லுக்கட்டினாள். பழைய கம்பளித் துணியைக் கீற்றாக வெட்டி, அதால் பீச் மரக் கிளைகளைச் சுற்றி, மதிலில் படரும்படி செங்கல்லோடு சேர்த்து ஆணியடிப்பது அவள் வேலை. வாய் ரொம்ப நீளம். தலைமைத் தோட்டக்காரர் லக்கெட்டே அவளிடம் வாய்கொடுக்க யோசிப்பார். பிரான்சில் நடந்த போரில் மகன் வில்ஃபைக் காணவில்லை என்று செய்தி வந்தபின் அந்த வாய் அடைத்துப்போயிற்று. செத்தான் என்று யாரும் சொல்லவில்லையே, அதைப் பிடித்துக்கொண்டுதான் நடமாடினாள்.

மார்ச் மாதம், பனிமூட்டமான ஒரு சாயங்காலம். ஆணிகளைப் பல்லில் கடித்தபடி நின்றவள் சிரிப்புச் சத்தம் கேட்டுத் திரும்பினாள். வடக்குக் கதவுக்கு உட்புறம் வில்ஃப் நின்றான். ராணுவக் கோட்டு, கழுத்துவரை சேறு.

"என்னம்மா, வாயில ஆணி இருக்கவும்தான் சத்தமில்லாம இருக்கியா? பசி உயிர் போகுது."

ஹெஸ்டர் வாயிலிருந்த ஆணிகளைத் துப்பினாள். ஓடிப்போய்க் கட்டிக்கொண்டிருக்கலாம். பாழாய்ப்போன பயம் முந்திக்கொண்டது.

"அடப்பாவி, அந்த வழியாவா வந்தே? அப்படியே திரும்பிப் போ. சுத்திக்கிட்டு முன்வாசலால வா!"

"சுத்தி வர முடியாதும்மா."

"உன் நல்லதுக்குத்தான்டா சொல்றேன். போ!"

சின்ன வயதில் திட்டு வாங்கினால் எப்படி நிற்பானோ, அப்படியே கொஞ்ச நேரம் நின்றான். பிறகு மூட்டத்துக்குள் திரும்பிவிட்டான்.

ஹெஸ்டர் விழுந்தடித்துக்கொண்டு தெற்கு வாசலுக்கு ஓடினாள். பாதை வெறிச்சோடிக் கிடந்தது. இருட்டும் நேரத்தில் லக்கெட் விளக்கோடு வந்தார்.

"குளிர்ல இங்க என்ன பண்றே?"

"வில்ஃப் வந்தான் ஐயா. வடக்குக் கதவால வந்துட்டான். சுத்தி வரச் சொல்லியிருக்கேன்."

லக்கெட் விளக்கைக் கீழே வைத்தார். சொல்லலாமா வேண்டாமா என்று தவித்து, கடைசியில் சொல்லிவிட்டார்.

"ஹெஸ்டர், அந்தக் கதவு பூட்டித்தாம்மா இருக்கு. சாவி என் இடுப்புல."

அவள் பாதையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"செத்தவனாவே இருந்துட்டுப் போகட்டும் ஐயா. பசின்னு வந்தான். ஒரு வாய் ரொட்டி குடுக்காம வெரட்டிட்டேனே."