பூனை தானே கட்டிக்கொண்ட மணி

தலைமையாசிரியருக்கு அவர் அறியாத ஒரு பெயர் உண்டு: கிரீச். வைத்தது பிள்ளைகள்தான், ஆனால் ஆசிரியர்கள் வாயிலும் அது தாராளமாகப் புழங்கியது. எல்லாம் அவருடைய பூட்ஸ் செய்த வேலை. இடது கால் "கிரீச்" என்றால் வலது கால் அதைவிடப் பெரிதாக "கிரீச்" என்னும். அவர் மாடிப்படியில் கால் வைக்கும்போதே கடைசி வகுப்புவரை சேதி போய்விடும். பூனைக்கு யார் மணி கட்டுவது என்று எலிகள்தான் கூடிக் கூடிப் பேசுமாம். இந்தப் பள்ளிக்கூடத்துப் பூனை மணியைத் தானே கட்டிக்கொண்டு, தினமும் அதற்குப் பாலிஷும் போட்டது!

பாவம், மனிதர் என்ன கண்டார்? எந்த வகுப்பை எட்டிப் பார்த்தாலும் ஊசி விழுந்தால் கேட்கும். பிள்ளைகள் கைகட்டி உட்கார்ந்திருப்பார்கள். ஆசிரியர் கரும்பலகையில் முத்து முத்தாக எழுதிக்கொண்டிருப்பார். எல்லாம் தான் சுற்றி வருவதன் மகிமை என்று மீசையைத் தடவிக்கொள்வார். தலைமையாசிரியர்கள் கூடி, அவரவர் வேலையில் கண்ட குறையையும் அதைத் திருத்தும் திட்டத்தையும் சொல்லும் கூட்டம் ஆண்டுதோறும் உண்டு. மற்றவர்கள் தலையைச் சொறிய, இவர் மட்டும் டக்கென்று எழுவார். "நான் ரவுண்ட்ஸ் போறது பத்தல. இன்னும் கூட்டப் போறேன்." அதே குறை, அதே திட்டம், அதே கைதட்டல்.

இந்த வருடம் கூட்டத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஓர் இடி விழுந்தது. அறிவியல் ஆசிரியை மாறுதல் கேட்டுவிட்டாள். பிள்ளைகள் உயிரை விடும் டீச்சர். அவள் போனால் அவருக்கு வலது கை போன மாதிரி.

"ஏன் டீச்சர், இங்க என்ன குறை?"

"ஒண்ணுமில்ல சார். சும்மாதான்."

"சும்மா யாராவது ரெண்டு பஸ் மாறிப் போற பள்ளிக்கூடத்தக் கேப்பாங்களா?"

அவள் மாறுதல் விண்ணப்பத்தை அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்திவைத்தாள்.

வீட்டில் மனைவியிடம் புலம்பினார்.

"உங்க மேல ஏதாவது தப்பு இருக்கான்னு யோசிச்சீங்களா?" என்றாள் அவள்.

"என் மேலயா?"

"தன் முதுகு தனக்குத் தெரியாதுங்க. மொதல்ல அந்த பூட்ஸைக் குடுங்க, தைக்கிறவர்கிட்ட போட்டுட்டு வரேன். காது கிழியுது."

அப்படித்தான் மறுநாள் அவர் ரப்பர் செருப்போடு சுற்றக் கிளம்பினார்.

மாடி ஏறியதும் திகைத்துப் போனார். இது தன் பள்ளிக்கூடம்தானா? எங்கும் ஒரே பேச்சு, சிரிப்பு. அறிவியல் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் பெஞ்சு மேல் நின்றார்கள். உத்தரத்தில் ஒரு கப்பி, அதில் கயிறு, கயிற்றில் தண்ணீர் வாளி. இரண்டு கப்பி போட்டால் வாளி ஏன் லேசாகிறது என்று இரண்டு சிறுமிகள் குடுமிப்பிடிச் சண்டை.

"சரி, நீ சொன்னது தப்புன்னு அவ காட்டிட்டா என்ன பண்ணுவ?" என்று நடுவில் நின்று தூண்டிவிட்டுக்கொண்டிருந்தாள் டீச்சர்.

அவருக்கும் ஆசை வந்துவிட்டது. அட, ஏன்தான் லேசாகிறது? கழுத்தை நீட்டினார். ஒரு பிள்ளை பார்த்துவிட்டது.

"ஐயையோ!"

வாளி தடாலென்று விழுந்தது. கண் மூடித் திறப்பதற்குள் அத்தனை பேரும் கைகட்டி உட்கார்ந்துவிட்டார்கள். டீச்சர் திரும்பி, முத்து முத்தாக எழுதத் தொடங்கினாள்: "கப்பி என்பது ஓர் எளிய இயந்திரம்."

அந்த முத்துக்களை அவருக்கு நன்றாகத் தெரியும். வருடக்கணக்காக மெச்சியவை. இத்தனை காலம் பார்த்தது பாடமே இல்லை, தான் வந்து நிறுத்திவைத்த பாடம் என்று புரிந்தபோது அவருக்கு அவமானத்தில் காது சுட்டது.

"நான் வந்தா நிறுத்திடுவீங்களா டீச்சர்?"

"நான் இங்க வந்த புதுசுல பிள்ளைங்க முன்னாடியே கேட்டீங்களே சார், இது வகுப்பா சந்தையான்னு." அவள் சாக்பீஸைக் கீழே வைத்தாள். "அதுலேருந்து உங்களுக்குப் பயந்து பயந்துதான் நடத்தறேன். அலுத்துப் போச்சு."

கேட்டவருக்கு மறந்துபோயிருந்தது. கேட்கப்பட்டவளுக்கு மறக்கவில்லை.

கூட்டத்தில் அவர் முறை வந்தது. கைதட்டச் சிலர் முன்கூட்டியே கையைத் தூக்கிவிட்டார்கள்.

"என் ரவுண்ட்ஸ்தான் என் குறை. நிறுத்தப் போறேன். இனிமே தினம் ஒரு வகுப்புல, மணி அடிச்சு மணி அடிக்கிற வரைக்கும் கடைசி பெஞ்சுல உக்காரப் போறேன்." பூட்ஸ் கதையையும் ஒளிக்காமல் சொன்னார். மண்டபம் குலுங்கிச் சிரித்தது. இடுப்பில் சாவிக்கொத்து தொங்கும் ஒரு தலைமையாசிரியர் மட்டும் சிரிப்பை நிறுத்தி, கொத்தை மெல்லக் கையால் பொத்திக்கொண்டார்.

முதல் நாள் அறிவியல் வகுப்பு. அவர் கடைசி பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தார். வகுப்பு குத்துக்கல்லாய் உறைந்திருந்தது. டீச்சர் சாக்பீஸை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள். கடைசியில் சண்டைக்காரச் சிறுமிகளில் ஒருத்தி திரும்பி, "சார், நீங்க சொல்லுங்க, ஏன் லேசாகுது?" என்றாள்.

"அது வந்து... கயிறு புதுசா இருக்கறதால."

அவ்வளவுதான். வகுப்பு வெடித்துச் சிரித்தது. அவருக்கு விளக்கம் சொல்ல நாலு பேர் பெஞ்சு மேல் ஏறினார்கள், வாளி ஏறியது, சத்தம் கூரையைப் பிய்த்தது. அவரும் எழுந்து நின்று, "அதெப்படி?" என்று கத்தினார்.

அப்போது பக்கத்து வகுப்புக் கணக்கு வாத்தியார் கதவு வழியே தலையை மட்டும் நீட்டினார். "என்ன கூத்து இது? கிரீச் வந்துடப் போறாரு!"

எல்லாரும் சட்டென்று உட்கார்ந்து கைகட்டினார்கள். தலைமையாசிரியரும் உட்கார்ந்து கைகட்டிக்கொண்டார்.

பிள்ளைகளுக்கு நடுவில் அவரைக் கவனிக்காத கணக்கு வாத்தியாரின் தலை நிம்மதியாக மறைந்தது. டீச்சர் வாயைப் பொத்திப் பொத்திப் பார்த்து, முடியாமல், கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"கையை எடுங்க சார். நான் எங்கயும் போகல."