சுவருக்கு அந்தப் பக்கத்துப் பிள்ளை

பரிமளத்துக்குக் காது கொஞ்சம் அதிகம். லிந்துலைக்கு மேலே அவள் கொழுந்து பறிக்கும் தேயிலைத் தோட்டத்தின் பழைய லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய காம்பரா அறைகளில், இரண்டு வீட்டுக்கு நடுவே உள்ள சுவர் கூரைவரை எட்டாது. அடுத்த காம்பராவில் மிளகாய் தாளித்தால் இங்கே இருமல் வரும். அங்கே யோகமலரின் மகள் நிலக்ஷி பாடம் படித்தால், இங்கே பரிமளத்துக்கு வயிறு எரியும்.

எரியாமல் என்ன செய்யும்? நிலக்ஷிக்கும் பரிமளத்தின் மகள் சுதர்ஷினிக்கும் ஒரே வயது, ஏழு. ஒரே வகுப்பு. பாராட்டு மட்டும் சுவருக்கு அந்தப் பக்கமே போய்ச் சேர்ந்தது. மலையில் கொழுந்து பறிக்கும்போது யோகமலர், "எங்க நிலக்ஷி நேத்து டீச்சர் முன்னாடி..." என்று ஆரம்பித்தாலே போதும், பரிமளத்தின் விரல்கள் முற்றிய இலையையும் சேர்த்துப் பிடுங்கும். கணக்கப்பிள்ளையிடம் ஏச்சு வாங்குவதும் அவள்தான்.

நிலக்ஷிக்கு இரட்டைப் பின்னலில் நீல நாடா என்றால் சுதர்ஷினிக்கும் அதே பின்னல், அதே நாடா. நிலக்ஷி நடன வகுப்பில் சேர்ந்த மறுவாரமே சுதர்ஷினியும் கால் வலிக்கக் குதித்தாள். அவளுக்குப் பிடித்ததோ வேறு. அடுப்புக்கரியை எடுத்து வாசல் சுவரில் ஆடு ஆடாக வரைவாள். அதில் ஒன்றுக்கு மூன்று கொம்பு இருக்கும். ஏனென்று கேட்டால், "அது கோவக்கார ஆடும்மா" என்பாள். போன தீபாவளிக்குச் சுண்ணாம்பு அடித்தபோது பரிமளம் அத்தனை ஆடுகளையும் அழித்துவிட்டாள்.

"அடுத்த வூட்டுச் சொவரு எப்படி இருக்குன்னு பாரு. நிலக்ஷி இப்படிக் கிறுக்குறாளா?"

"புள்ளைய அது போக்குல வுடேன்," என்றான் கணவன் வடிவேல்.

"ஒங்களுக்கென்ன? யோகமலரு பேச்ச நாளெல்லாம் கேக்குறது நாந்தானே!"

சிறுவர் தினம் நெருங்கியது. இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் 'நான்' என்ற தலைப்பில் இரண்டு நிமிடம் பேச வேண்டும். அறிவித்த அன்று சாயந்தரமே சுவருக்கு அந்தப் பக்கம் நிலக்ஷியின் பேச்சு தொடங்கிவிட்டது. வெண்கலக் குரல் வேறு. பரிமளம் மகளைச் சுவரோரம் உட்கார வைத்தாள்.

"நல்லாக் காதக் குடுத்துக் கேளு. அதே மாதிரி சொல்லணும். பேர மட்டும் மாத்திக்க."

பத்து நாளும் இதே கூத்துதான். அங்கே ஒரு வரி, இங்கே முணுமுணுப்பாக அதே வரி. நிலக்ஷி மூச்சு வாங்கிய இடத்தில் இவளும் மூச்சு வாங்கினாள்.

சிறுவர் தினத்தன்று பரிமளம் வேலைக்குப் போகாமல் பள்ளிக்கூட மண்டபத்தில் முன்வரிசையைப் பிடித்தாள். சுதர்ஷினியைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். பரிமளத்துக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இனி யோகமலர் மகள் வாயைத் திறந்தால் அது பழைய பேச்சுத்தானே!

பிள்ளை மேடையில் கைகட்டி நின்றது. "என் பெயர் நிலக்ஷி," என்றது கணீரென்று. "எனக்குப் பிடித்த நிறம் நீலம். எனக்கு நடனம் என்றால் உயிர்..."

மண்டபமே சிரித்தது. டீச்சர் பக்கத்தில் வந்து குனிந்து, "ஒங்க பேரச் சொல்லுங்க மகள்," என்றார். பிள்ளை அம்மாவைப் பார்த்தது. பிறகு கீழே உட்கார்ந்திருந்த நிலக்ஷியைப் பார்த்தது. பரிமளத்துக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது.

திரும்பும் வழியில் முன்னால் யோகமலரும் நிலக்ஷியும் நடந்தார்கள். அவிழ்ந்திருந்த நாடாவைக் கட்டிவிட யோகமலர் குனிந்தாள்.

"வேணாம்மா! எனக்கு நீலம் புடிக்கல. செவப்புதான் வேணும்!"

"வாய்க் கொழுப்பப் பாரு," என்று யோகமலர் ஏசினாள். நிலக்ஷி நாடாவை உருவிக் கையில் சுருட்டிக்கொண்டு முன்னால் ஓடினாள்.

பரிமளத்துக்கு அன்று எரிந்த மாதிரி வயிறு என்றைக்கும் எரிந்ததில்லை. நிலக்ஷி வாங்கிய கைதட்டலுக்காக அல்ல, பரிசுக்காகவும் அல்ல. அந்த ஒரு 'வேணாமு'க்காக எரிந்தது. தன் பிள்ளை வாயிலிருந்து அந்தச் சொல்லைக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று யோசித்துப் பார்த்தாள். நினைவுக்கே வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அடுப்பில் ஆறிக் கிடந்த கரித்துண்டை எடுத்து மகளிடம் நீட்டினாள்.

"இந்தா தங்கம். சொவத்துல ஆடு வரை. அம்மா ஏச மாட்டேன்."

சுதர்ஷினி மறுக்காமல் வாங்கிக்கொண்டாள். வெள்ளைச் சுவருக்கு முன்னால் கரியைப் பிடித்தபடி நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். பிறகு அம்மாவைத் திரும்பிப் பார்த்துக் கேட்டாள்:

"நிலக்ஷி ஆட்டுக்கு எத்தன கொம்பு போடுவாம்மா?"